செய்தி வாசித்தவர்களும் செய்தி கொண்டுவந்தவர்களும்

எங்கள் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பழைய செய்தி வாசிப்பாளர்களைப் பற்றிப் பேச்சு வராமல் இருக்காது. வன்னியம்பட்டி விலக்கு டீக்கடை ஆகட்டும், ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்ஷன்காரர்கள் கூடும் இடம் ஆகட்டும், யாராவது ஒருவர் "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது..." என்று ஆரம்பித்தால் போதும். "சரோஜ் நாராயண்ஸ்வாமி" என்று மற்றவர் முடித்து வைப்பார். அடுத்து பூர்ணம் விஸ்வநாதன் பெயர் வரும். தொலைக்காட்சிக்கு வந்தால் ஷோபனா ரவி. அவர் கட்டி வந்த சேலைகளைப் பற்றி வீட்டுப் பெண்களிடம் கேட்டால் இன்றைக்கும் அரை மணி நேரம் பேசுவார்கள்.

நல்ல விஷயம்தான். ஆனால் எனக்கு ரொம்ப நாளாக ஒரு கேள்வி உண்டு. வாசித்தவர்கள் பெயரெல்லாம் ஐம்பது வருஷம் கழித்தும் நினைவிருக்கிறது. அந்தச் செய்தி நடந்த இடத்துக்குப் போய், பார்த்து, விசாரித்து, எழுதிக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? நம் தாலுகாவில் இன்றைக்கு டிவிக்குச் செய்தி கொடுக்கிற பையன்களில் ஒருவனையாவது பெயர் சொல்லிக் கூப்பிட முடியுமா? "அந்த மைக் பிடிக்கிற பையன்" என்பதோடு சரி.

தொலைக்காட்சிச் செய்தியை ஒரு தொழிலாக எடுத்துக்கொண்டவர்களைப் பற்றி இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இன்று எழுதுகிறேன்.

முதலில் வாசித்தவர்களுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். 1947 ஆகஸ்டு 15 அன்று நாடு விடுதலை பெற்ற செய்தியை டெல்லி வானொலியில் தமிழில் வாசித்தவர் பூர்ணம் விஸ்வநாதன். பின்னால் சுஜாதாவின் நாடகங்களிலும் சினிமாவிலும் நடித்து நமக்கெல்லாம் முகம் தெரிந்தவர் ஆனார். சரோஜ் நாராயண்ஸ்வாமி டெல்லியில் முப்பது வருஷத்துக்கு மேல் வாசித்தார். காலை ஏழேகாலுக்கு அந்தக் குரல் கேட்டால்தான் பல வீடுகளில் அடுப்படி வேகம் பிடிக்கும். 2022 ஆகஸ்டு 13 அன்று மும்பையில், 87 வயதில் காலமானார். டெல்லியில் அவர்கள் செய்த வேலை வெறும் வாசிப்பு அல்ல. ஆங்கிலத்தில் வரும் செய்தியை அங்கேயே உட்கார்ந்து தமிழாக்கி, மை காய்வதற்குள் எடுத்துப்போய் வாசிக்க வேண்டும். நேரத்துக்குள் முடிக்க வேண்டும், ஒரு சொல் பிசகக் கூடாது. அந்த உழைப்பை நாம் மெச்சுவது நியாயம்.

ஆனால் "அந்தக் காலத்துச் செய்தி மாதிரி வருமா? எவ்வளவு அமைதி, எவ்வளவு நிதானம்!" என்று நம்மவர்கள் சொல்லும்போது பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். 1975 ஜூன் 25 இரவு அவசரநிலை அறிவித்தார்கள். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது அதே வருஷம் ஆகஸ்டு 15. அதாவது நம் மாநிலத்துக்குத் தொலைக்காட்சி வந்ததே தணிக்கைக் காலத்தில்தான். 1984 அக்டோபர் 31 காலையில் இந்திரா காந்தி அம்மையார் சுடப்பட்டார். பிபிசி மத்தியானமே மரணச் செய்தியைச் சொல்லிவிட்டது. நம் வானொலி சாயங்காலம்தான் வாய் திறந்தது. வாசித்தவர்கள் மேல் குற்றம் இல்லை, கையில் கொடுத்த தாளைத்தானே அவர்கள் வாசிக்க முடியும்? அந்த அமைதியில் பாதி அவர்களுடைய பண்பாடு, மீதிப் பாதி அரசாங்கத்தின் மௌனம்.

நம் பக்கம் டிவி பெட்டி வீட்டுக்குள் வந்ததே எண்பதுகளில்தான். ஆரம்பத்தில் தெற்குச் சீமையில் உயரமாக ஆன்டெனா நட்டு, இலங்கை ரூபவாஹினியைப் பிடித்துப் பார்த்தவர்கள் ஏராளம். ஒருவர் மாடியில் நின்று கம்பியைத் திருப்ப, இன்னொருவர் கீழே நின்று "இப்ப தெரியுது, இப்ப போயிட்டு" என்று கத்துவார். கொடைக்கானல் கோபுரம் வந்த பிறகுதான் நம்முடைய படம் தெளிவாகத் தெரிந்தது. 1993 ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள் சன் டிவி வந்தது. 2011 ஆகஸ்டில் புதிய தலைமுறை வந்து, நாள் முழுக்கச் செய்தி என்பது வீட்டுக்கு வீடு பழக்கமானது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எத்தனையோ செய்திச் சேனல்கள்.

இருபத்து நாலு மணி நேரமும் செய்தி சொல்ல வேண்டுமென்றால் அதற்குச் செய்தி வேண்டும். ஸ்டுடியோவில் நாலு பேரை உட்காரவைத்துச் சத்தம் போடவைக்கலாம். ஆனால் கிணற்றில் விழுந்த யானைக்குட்டி, தண்ணீர் வராத தெரு, அருந்துபோன மின்கம்பி, பட்டாசு ஆலை விபத்து, இதெல்லாம் ஸ்டுடியோவில் கிடைக்காது. ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்த்தான் ஆக வேண்டும். அந்த ஒருவர்தான் நம் தாலுகா நிருபர்.

நான் அஞ்சல் துறையில் வேலை பார்த்தவன். அதில் பல வருஷம் தந்தி கவுண்டரில் இருந்தேன். அந்தக் காலத்துப் பத்திரிகை நிருபர்களை அங்கேதான் பழக்கம். பத்திரிகைத் தந்திக்குச் சலுகைக் கட்டணம் உண்டு, அதற்கான அட்டையைக் காட்ட வேண்டும். பொழுது சாயும் நேரத்தில் சைக்கிளை வராந்தாவில் சாத்திவிட்டு ஓடி வருவார்கள். "அண்ணாச்சி, இன்னைக்குக் கொஞ்சம் சீக்கிரம் தள்ளிவிடுங்க" என்பார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் கிடையாது. அச்சில் வந்த செய்தியை அளந்து, இத்தனை வரிக்கு இவ்வளவு என்று மாதக் கடைசியில் வரும். குடும்பத்துக்குப் பெட்டிக்கடையோ டியூஷனோ வேறு ஏதோ இருக்கும்.

ஒரு சாயங்காலம் நினைவிருக்கிறது. பட்டாசு வேலை நடந்த ஒரு கொட்டகையில் வெடிவிபத்து. நிருபர் ஒருவர் சட்டையெல்லாம் கரியோடு வந்தார். தந்திப் பாரத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போதே வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் பின்னாலேயே வந்து, அவர் தோளில் கை போட்டு வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. ஆனால் அந்த ஆள் பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டியதும், இவர் கையைத் தட்டிவிட்டதும் ஜன்னல் வழியாகத் தெரிந்தது. உள்ளே வந்தார். பாரத்தை நீட்டினார். "இறந்தவங்க கணக்கு நான் எழுதினதுதான் அண்ணாச்சி. மாத்த வேண்டாம். அனுப்புங்க." அனுப்பினேன்.

மறுநாள் பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. அவர் பெயர் இல்லை. "நமது நிருபர்" என்று இருந்தது. அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த விலாசம்.

2013 ஜூலையில் தந்தியே நின்றுபோனது. இன்றைக்கு இருக்கும் டிவி நிருபர் செல்போனிலேயே படம் எடுத்து, அந்த இடத்திலிருந்தே அனுப்பிவிடுகிறார். வேகம் வந்திருக்கிறது. நிலைமை மாறியிருக்கிறதா? பல ஊர்களில் தாலுகா நிருபருக்கு இன்றும் மாதச் சம்பளம் கிடையாது. ஒளிபரப்பான செய்திக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. கேமரா அவருடையது, வண்டி அவருடையது, பெட்ரோலும் அவருடையது. காலையில் எடுத்த படம் சாயங்காலம் சேனலில் வராவிட்டால் அன்றைய பாடு வீண். கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டு, இடையில் செய்தியும் எடுக்கிறவர்கள் உண்டு.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. முப்பது பேருக்கு மேல் மாண்டார்கள். வேடிக்கை பார்க்கவும் உதவி செய்யவும் போனவர்களே அடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். அந்தக் கந்தகப் புகையை நாம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டிவியில் பார்த்தோம் என்றால், எவரோ ஒருவர் அந்தப் புகைக்குள் கேமராவோடு நின்றிருக்கிறார் என்று அர்த்தம். அவர் பெயர் திரையில் வந்ததா? நமக்கு ஞாபகம் இருக்கிறதா?

வெடிக்குப் பயப்படுவதை விட மனிதர்களுக்குப் பயப்பட வேண்டியிருக்கிறது. 2020 நவம்பர் 8 அன்று சென்னைக்குப் பக்கத்தில் குன்றத்தூர் வட்டாரத்தில் தமிழன் தொலைக்காட்சியின் நிருபர் மோசஸ் வெட்டிக் கொல்லப்பட்டார். முப்பது வயதுகூட நிறையாத இளைஞர். 2024 ஜனவரி 24 இரவு பல்லடம் பக்கத்தில் நியூஸ் 7 தமிழ் நிருபர் நேசபிரபுவை ஒரு கும்பல் அரிவாளால் வெட்டியது. ஆட்கள் பின்தொடர்கிறார்கள் என்று அவர் காவல்துறைக்குப் போன் மேல் போன் போட்டிருக்கிறார். போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டார்கள். அந்தப் பேச்சின் பதிவு வெளியே வந்து, நானும் கேட்டேன். கடைசி அலறலுக்கு மேல் கேட்க முடியவில்லை, நிறுத்திவிட்டேன். அவர் உயிர் பிழைத்தது பெரிய விஷயம். பிறகு ஆட்களைப் பிடித்தார்கள். வெட்டு விழுந்த பிறகு பிடிப்பது ஒன்று, விழும் முன் ஒரு ஜீப்பை அனுப்புவது வேறு.

கொரோனா காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம்மையெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கச் சொன்னார்கள், இருந்தோம். நாம் உள்ளே இருந்து பார்ப்பதற்காக அவர்கள் வெளியே திரிந்தார்கள். ராஜ் டிவியின் மூத்த ஒளிப்பதிவாளர் வேல்முருகன் 2020 ஜூன் 27 அன்று அந்தத் தொற்றால் இறந்தார். கேமராவுக்குப் பின்னால் நிற்பவர் என்பதால் அவர் முகம்கூட நமக்குத் தெரியாது.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. வங்கதேசத்தைப் பாருங்கள். நாம் சித்திரை முதல் நாள் சன் டிவியைத் தொடங்கிய மாதிரி, அங்கே 2000 ஏப்ரல் 14, வங்காளிப் புத்தாண்டு அன்று ஏகுஷே என்ற தனியார் தொலைக்காட்சி வந்தது. அரசாங்கச் செய்தியையே கேட்டுப் பழகிய ஜனங்கள் அதைக் கொண்டாடினார்கள். 2002 ஆகஸ்டில் உரிமம் செல்லாது என்று நீதிமன்றம் சொல்லி நிலையத்தையே மூடினார்கள், சில வருஷம் கழித்துத்தான் திரும்ப வர முடிந்தது. நிலையத்துக்கே அந்தக் கதி என்றால் அதில் வேலை பார்ப்பவர்களுக்கு? 2012 பிப்ரவரி 11 அன்று டாக்கா நகரில் சாகர் சர்வார், மெஹருன் ரூனி என்ற தம்பதியரை அவர்கள் வீட்டுக்குள்ளேயே கொன்றார்கள். கணவர் மாஸ்ரங்கா தொலைக்காட்சியில் செய்தி ஆசிரியர். மனைவி ஏடிஎன் பாங்ளாவில் நிருபர். அப்போது அவர்களுடைய சின்னப் பையன் அந்த வீட்டில்தான் இருந்தான். அந்த வழக்கின் விசாரணை அறிக்கையைத் தாக்கல் செய்யும் தேதி நூறு தடவைக்கு மேல் தள்ளிப்போனது. நூறு வாய்தா! நம் ஊரில் வரப்புத் தகராறுக்குக்கூட அவ்வளவு வாய்தா வாங்க மாட்டார்கள்.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். 1955-லேயே உழைக்கும் பத்திரிகையாளர்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. வேலை நேரம், விடுப்பு, பணிக்கொடை எல்லாம் அதில் இருந்தன. ஆனால் அது செய்தித்தாள்காரர்களுக்கு. மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரையை 2011 நவம்பரில் மத்திய அரசு ஏற்றது, அதுவும் செய்தித்தாள்களுக்கும் செய்தி நிறுவனங்களுக்கும்தான். 1955-ல் டிவி இல்லை, சரி. 2011-லும் இல்லையா? 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில்தான் "உழைக்கும் பத்திரிகையாளர்" என்ற சொல்லுக்குள் தொலைக்காட்சிக்காரர்களும் வந்தார்கள். அதுவும் இதழியலையே முதன்மைத் தொழிலாகக் கொண்டு, முழுநேரமாகவோ பகுதிநேரமாகவோ வேலைக்கு அமர்த்தப்பட்டவருக்குத்தான் உதவும். செய்திக்கு இவ்வளவு என்று வாங்கும் தாலுகா நிருபர் எந்தக் கணக்கில் வருவார்? பத்திரிகையாளர்களைத் தாக்கினால் தண்டனை என்று மகாராஷ்டிரம் 2017-ல் தனிச் சட்டம் நிறைவேற்றியது. சத்தீஸ்கர் 2023-ல் செய்தது. நம் மாநிலத்துக்கும் அது வேண்டும்.

"அண்ணாச்சி, நீங்க ரொம்பப் புகழுறீங்க. வண்டியில பிரஸ்னு ஒட்டிக்கிட்டுக் காசு பிடுங்குறவன் எத்தனை பேரு, கவர் வாங்குறவன் எத்தனை பேரு!" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். உண்மைதான், இருக்கிறார்கள். மணல் லாரியை மறித்துப் பணம் கேட்கிறவனும், பாருக்குள் புகுந்து மிரட்டுகிறவனும் உண்டு. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒருவனுக்கு அடையாள அட்டையையும் மைக்கையும் கொடுத்து, சம்பளம் மட்டும் கொடுக்காமல் தெருவில் விட்டால் என்ன நடக்கும்? மனம் கெட்டவன் அந்த மைக்கை வைத்துச் சம்பாதிப்பான். மனம் கெடாதவன் ரெண்டு வருஷத்தில் தொழிலை விட்டு மில் வேலைக்குப் போய்விடுவான். கடைசியில் களத்தில் மிஞ்சுவது யார்? சம்பளம் கொடுக்காத நிறுவனம் நல்லவனை விரட்டி, கெட்டவனை வளர்க்கிறது. கவர் வாங்குகிறவனைத் திட்டுகிற நாம், கவர் கொடுக்கிறவரை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் நான் இப்போது எழுதுவதற்கு வீட்டிலேயே ஒரு காரணம் இருக்கிறது. என் தங்கை மகன் ராஜபாளையத்தில் இருக்கிறான். அவன் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு மதுரையில் இதழியல் படிக்க வேண்டும் என்கிறாள். வீட்டில் ஒரு வாரம் சண்டை. கடைசியில் என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்தார்கள்.

"மாமா, நீங்களே சொல்லுங்க. டிவியில உக்காந்து செய்தி வாசிக்கிறேன்னா சரிங்கலாம். கௌரவமான வேலை. ராத்திரி பகலா தெருத்தெருவாத் திரியுற வேலை பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு?" என்றான்.

அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. "தாத்தா, வாசிக்கிறதுக்கு நிறையப் பேர் இருக்காங்க. போய்ப் பாத்துட்டு வந்து சொல்றதுக்குத்தான் ஆள் இல்ல" என்றாள்.

எனக்கு அந்தக் கரி படிந்த சட்டை ஞாபகம் வந்தது. இவனுக்கு என்ன பதில் சொல்வது? பயப்படாதே என்று சொல்ல முடியாது. பல்லடத்தில் நடந்ததை வைத்துக்கொண்டு எந்தத் தகப்பனிடமும் அப்படிச் சொல்ல முடியாது. "மாப்பிள, உன் பயம் நியாயம். ஆனா பயந்தவங்க வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் வீட்டோட இருந்துட்டா, அந்த வேலைக்கு யாரு போவா? நீ திட்டுறியே, அந்த ஆளுங்கதான் போவாங்க. அவ படிக்கட்டும். ஆனா முறையாச் சம்பளம் குடுத்து, எழுத்துல வேலைக்கு எடுக்கிற இடத்துலதான் சேரணும். இதை அவ எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுக்கட்டும்" என்றேன். அவள் உடனே கையை நீட்டினாள். அவன் இன்னும் முழுசாக மனம் இறங்கவில்லை. ஆனால் விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டதாகக் கேள்வி.

நம் மாதிரி பெரியவர்கள் என்ன செய்ய முடியும்? சட்டம் போட முடியாது, சம்பளம் கொடுக்க முடியாது. ஆனால் சில காரியம் முடியும். நம் தெருவுக்குக் குடிநீர்ப் பிரச்சினையைப் படம் பிடிக்க நிருபர் வந்தால், பெயர் என்ன, எந்த ஊர் என்று கேட்டு ஒரு செம்பு தண்ணீர் கொடுக்கலாம். அவர் கேட்டதற்கு உண்மையைச் சொல்லலாம். மைக்கைக் கண்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு, மறுநாள் "டிவிக்காரன் சரியாகவே போடவில்லை" என்று குறை சொல்லக் கூடாது. நல்ல செய்தி ஒன்று எடுத்து நம் ஊருக்கு ரோடோ தண்ணீரோ வந்திருந்தால், கலெக்டருக்கும் எம்.எல்.ஏ.வுக்கும் நன்றி பேனர் கட்டும்போது அந்தப் பையன் பெயரையும் ஒரு வரி போடலாம். அவரை யாராவது மிரட்டினார்கள் என்று தெரிந்தால், ஊரில் நாலு பெரியவர்கள் அவரோடு காவல் நிலையத்துக்குப் போய் உட்காரலாம். நமக்கென்ன, ரிட்டயர்டு ஆனவர்கள். நேரம் நிறையத்தான் இருக்கிறது.

அந்தக் காலப் பேப்பரில் "நமது நிருபர்" என்று போடுவார்கள் என்று சொன்னேன் அல்லவா? அது பத்திரிகையின் ஆள் என்ற பொருளில் போட்டது. ஆனால் குடிசையில் வெந்து செத்தவர்களின் எண்ணிக்கையைக் குறைக்க மாட்டேன் என்று கவுண்டரில் நின்ற மனிதர் பத்திரிகைக்கு மட்டும் நிருபர் இல்லை. செத்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். அந்தக் கணக்கு நமக்காக எழுதியது. ஆகவே அவர் நமது நிருபர்தான். நம்முடையவர் என்றால் பெயரைத் தெரிந்துகொள்வதாவது முதல் மரியாதை இல்லையா?